காட்டு விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லுதல்: பல்லுயிர் வணிகத்தைத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

காட்டிலும் புல்வெளியிலும் தானாக விளையும் கனி, கொட்டை, பிசின், பட்டை, வேர் முதலியவற்றைச் சேகரித்து விற்றுக் குடும்பத்தை நடத்துவோர் உலகெங்கும் கோடிக்கணக்கில் உள்ளனர். பல்லுயிரியம் குறித்த பன்னாட்டு அறிவியல் அமைப்பான ஐப்பெஸ் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்கள் ஏறத்தாழ 50,000 காட்டு இனங்களைப் பயன்படுத்துகின்றனர். உலக மக்களில் ஐந்தில் ஒருவர் உணவுக்கோ வருமானத்துக்கோ அவற்றை நம்பியிருக்கிறார். வளரும் நாடுகளின் பல பகுதிகளில் சாலையும் பாசனமும் தொழிற்சாலையும் இல்லாத ஊர்களுக்கு இருக்கும் ஒரே செல்வம் இதுவே. அந்தச் செல்வத்தை அழிக்காமல் வருமானமாக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் 1992ஆம் ஆண்டின் பல்லுயிரிய உடன்படிக்கையைத் தொடர்ந்து, ஐக்கிய நாடுகளின் வணிக வளர்ச்சி அமைப்பான அங்டாட் 1996இல் பல்லுயிர் வணிக முன்முயற்சியைத் தொடங்கியது.

இவ்வழிகாட்டி கூட்டுறவுச் சங்கம், தன்னார்வ அமைப்பு, சிறு நிறுவனம் ஆகியவற்றின் வழியே அத்தகைய வணிகத்தைத் தொடங்க நினைப்போருக்காக எழுதப்படுகிறது. இதில் நான் வலியுறுத்த விரும்புவது வேலைகளின் வரிசையைத்தான். முதலில் எவ்வளவு எடுக்கலாம் என்பதையும், அடுத்து அது யாருக்கு உரியது என்பதையும் தீர்மானித்த பிறகே வாங்குவோரைத் தேடிச் செல்ல வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக நடத்துகின்றன. வாங்குவோர் ஒருவர் கிடைத்ததும் அவர் கேட்கும் அளவே இலக்காகிவிடுகிறது. அதன்பின் காட்டைக் கணக்கெடுக்க யாருக்கும் நேரமும் இருப்பதில்லை, மனமும் இருப்பதில்லை.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது

ஒரு செடியின் எந்தப் பாகம் எடுக்கப்படுகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். உதிர்ந்த கனியைப் பொறுக்குவதால் தாய்மரத்துக்குத் தீங்கில்லை. இலை பறிப்பது அளவோடு இருந்தால் செடி தாங்கும். பிசினுக்காகக் கீறுவது மரத்தின் வலுவைக் குறைத்து விதை உருவாவதையும் பாதிக்கும். பட்டை உரிப்பதும் கிழங்கு தோண்டுவதும் உயிரையே பறிக்கக்கூடியவை. ஆகவே முதன்முறையாகத் தொடங்கும் குழு, விலை சற்றுக் குறைவாக இருந்தாலும், கனி அல்லது விதை தரும் இனத்தை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அதற்காகப் பட்டையும் வேரும் தரும் இனங்களைத் தொடவே கூடாது என்பதில்லை. அவற்றில் முறை தெரிந்த கைகள் தேவை. நமீபியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் மூட்டுவலி மருந்துக்காக எடுக்கப்படும் ஹார்ப்பகோஃபைட்டம் என்ற செடியில், நடுவில் இறங்கும் ஆணிவேரை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கிழங்குகளை மட்டும் எடுத்து, தோண்டிய குழியை மீண்டும் மண்ணால் மூடினால், செடி பிழைத்துப் புதிய கிழங்குகளை உருவாக்கும். குழியை மூடாமல் போனால் ஆணிவேர் காய்ந்துவிடும். ஒரு சில நிமிட வேலைதான். ஆனால் எடைக்கு மட்டுமே கூலி கொடுக்கும் வியாபாரியிடம் விற்பவருக்கு அந்தச் சில நிமிடத்துக்கு ஊதியமில்லை. எனவே சேகரிப்பு முறை என்பது பயிற்சி வகுப்பில் தொடங்கினாலும், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் நிலைபெறுகிறது. முறையாக எடுக்கப்பட்ட பொருளுக்குத் தனி விலை வைக்க முடியாத நிலையில் வேர், பட்டை வணிகத்தைத் தொடங்காதீர்கள்.

எவ்வளவு எடுக்கலாம்

இதுவே இவ்வேலையின் அடித்தளம் என்பதால் இதற்கு மிகுதியான நேரத்தை ஒதுக்குங்கள். குறைந்தது ஒரு முழுப் பருவமாவது தேவைப்படும்.

சேகரிப்பு நடக்கும் பரப்பை ஊரார் துணையுடன் வரைபடமாக்குங்கள். அதில் முன்கூட்டியே முடிவுசெய்த இடைவெளிகளில் ஒரே அளவுள்ள மாதிரிக் கட்டங்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் அந்த இனத்தின் எண்ணிக்கையை எடுக்க வேண்டும். வளம் மிகுந்த இடங்களையே தேர்ந்தெடுத்துக் கட்டம் அமைப்பது எளிதில் நேரும் பிழை. அப்படிச் செய்தால் காடு உள்ளதைவிடப் பல மடங்கு செழிப்பாகத் தோன்றும். காய்க்கும் மரங்களோடு நிறுத்தாமல் நாற்று, இளங்கன்று, நடுத்தர மரம், முதிர்மரம் என வகைபிரித்து எண்ணுங்கள். நாற்றுகள் மிகுதியாகவும் முதிர்மரங்கள் குறைவாகவும் இருந்தால் அந்த இனம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று பொருள். முதிர்மரங்கள் மட்டுமே நின்று, கீழே கன்றுகள் இல்லையென்றால், இன்றைய விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிர்காலம் ஏற்கெனவே ஆபத்தில் உள்ளது. அமேசான் காடுகளின் பிரேசில் கொட்டை மரங்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது: நீண்ட காலம் கடுமையாகச் சேகரிக்கப்பட்ட இடங்களில் இளமரங்கள் மிக அரிதாகிவிட்டன. தாய்மரம் ஒன்றையும் வெட்டாமலேயே, விதைகளை எல்லாம் எடுத்துவிடுவதால் ஒரு காடு முதுமையடைய முடியும்.

அடுத்ததாக, குறியிட்ட சில மரங்களின் விளைச்சலை நேரடியாக எடைபோட்டுச் சராசரியைக் காணுங்கள். பிறகு வரும் கணக்கு எளியது. எடுத்துக்காட்டாக, 500 ஹெக்டேர் பரப்பில் ஹெக்டேருக்கு 8 காய்க்கும் மரங்களும், மரத்துக்குச் சராசரி 15 கிலோ கனியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த விளைச்சல் 60,000 கிலோ. அதில் நடந்து சென்று எடுத்துவரக்கூடிய தொலைவில் இருப்பது 60 விழுக்காடு என்றால் 36,000 கிலோ. விதைபரவலுக்கும் பறவை, விலங்குகளுக்கும் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டால் எஞ்சுவது 24,000 கிலோ. உலர்த்தினால் நான்கில் ஒரு பங்காகும் கனி எனில் கையில் நிற்பது 6 டன். வாங்குவோர் ஆண்டுக்கு 20 டன் கேட்டால் என்ன விடை சொல்ல வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. எவ்வளவு விட்டுவைப்பது என்பது இனத்துக்கு இனம் மாறும். மூன்றில் ஒரு பங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என எடுத்துக்கொள்ளக் கூடாது. விளைச்சல் பொய்க்கும் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு வரம்பு வைப்பது, நல்ல ஆண்டில் சிறிது இழப்பாகத் தோன்றினாலும், ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதற்காகக் காட்டைச் சுரண்டும் நிலையைத் தவிர்க்கும்.

கணக்கில்லாமல் நடத்திய வணிகம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஆப்பிரிக்க மலைக்காடுகளில் வளரும் புரூனஸ் ஆப்பிரிக்கானா சான்றாக நிற்கிறது. ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்துக்காக இதன் பட்டை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. மரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் மட்டும் பட்டையை உரித்து, மீண்டும் வளர ஆண்டுக்கணக்கில் அவகாசம் தர வேண்டும் என்ற முறை அறியப்பட்டிருந்தும், முழுமையாக உரிக்கப்பட்டும் வெட்டப்பட்டும் மரங்கள் மடிந்தன. 1995 முதல் இந்த இனம், காட்டு இனங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2007இல் கேமரூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சென்ற பட்டை வணிகம் நிறுத்தப்பட்டது. மரக் கணக்கெடுப்பும் ஒதுக்கீட்டு அளவும் வகுக்கப்பட்ட பின்னரே மீண்டும் தொடங்கியது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை, வருமானம் நின்றுபோன பிறகு செய்ய நேர்ந்தது. அந்த இடைவெளியின் சுமை முழுவதும் மலைக்கிராமத்தாரின் தலையில் விழுந்ததை எண்ணும்போது மனம் வலிக்கிறது.

யாருடைய காடு, யாருடைய அறிவு

நிலம் அரசுடையதா, ஊர்ப் பொதுவா, தனியாருடையதா என்பதை எழுத்துச் சான்றோடு உறுதிசெய்யுங்கள். நிலத்தின் உரிமை வேறு, அங்கு விளைவதை எடுக்கும் உரிமை வேறு, பருவத்தில் மட்டும் வந்துசெல்லும் மேய்ப்பர்களின் வழக்காற்று உரிமை வேறு. எடுக்கும் உரிமை ஊருக்கு இல்லாவிட்டால், விலை உயர்ந்த அன்றே வெளியார் வந்து பொருளை எடுத்துச் சென்றுவிடுவர். நாம் விட்டுவைத்ததை வேறொருவர் எடுப்பார் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தச் சேகரிப்பாளரும் வரம்பை மதிக்க மாட்டார். அங்டாட் 2007இல் வெளியிட்டு 2020இல் திருத்திய பல்லுயிர் வணிகக் கோட்பாடுகள் ஏழு. வளத்தைப் பயன்படுத்தும் உரிமையில் தெளிவு வேண்டும் என்பது அவற்றில் கடைசியாக உள்ளது. நடைமுறையில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

செடியின் பயன் குறித்த அறிவு ஒரு சமூகத்திடமிருந்து வந்திருந்தால் அவர்களின் முன்னிசைவும் பலன் பகிர்வு ஒப்பந்தமும் கட்டாயம். 2010இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறை, மரபணு வளங்களை ஆராய்ந்து பயன்படுத்துவோருக்கு இதைப் பன்னாட்டுக் கடமையாக்குகிறது. அதைச் செயல்படுத்தும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அந்தந்த நாட்டின் பல்லுயிரிய அதிகார அமைப்பிடம் எழுத்து மூலம் கேட்டு, விடையையும் எழுத்து மூலமே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது மூன்று நிகழ்வுகளை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் பசியடக்கப் பயன்படுத்திய ஹூடியா செடியின் கூறுகளுக்கு அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் 1990களின் நடுவில் காப்புரிமை கோரியது. சான் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு 2003இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, உரிமத்தொகையில் 6 விழுக்காடும் ஆய்வின் ஒவ்வொரு கட்டமும் நிறைவேறும்போது தரப்படும் தொகைகளில் 8 விழுக்காடும் அவர்களுக்கு என்று முடிவானது. ஆனால் மருந்தாகவோ உணவாகவோ அது பெருஞ்சந்தைக்கு வரவே இல்லை. எதிர்கால உரிமத்தொகையை மட்டும் நம்பிய ஒப்பந்தத்தால் சான் மக்கள் பெற்றது சொற்பமே. கேரளத்தின் காணி பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானபோது, 1995இல் கிடைத்த 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்தில் பாதி அவர்களுக்கு என ஒப்புக்கொள்ளப்பட்டது. தொகையைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997இல்தான் பதிவாயிற்று. அதைவிடப் பெரிய தடையாக அமைந்தது, மூலிகையைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறையின் இசைவு கிடைப்பதில் எழுந்த சிக்கல். மூன்றாவது நிகழ்வு தென்னாப்பிரிக்காவின் ரூயிபோஸ் தேயிலை. 2019இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, பண்ணையில் பொருள் கைமாறும் விலையில் 1.5 விழுக்காடு சான், கோய் மக்களுக்கான அறக்கட்டளைகளுக்குச் செல்கிறது. விற்பனை நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் பணம் வருகிறது, கணக்குப் பார்ப்பதும் எளிது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அறிவுரை இதுதான்: இறுதி லாபத்தில் பங்கு கேட்பதைவிட, கண்ணுக்குத் தெரியும் கொள்முதல் விலையின் மீது பங்கு கேளுங்கள், பணத்தைப் பெறுவதற்குரிய பதிவுபெற்ற அமைப்பை ஒப்பந்தத்துக்கு முன்பே உருவாக்குங்கள், வனத்துறை உள்ளிட்ட எல்லா அலுவலகங்களையும் முதல் கூட்டத்திலேயே அமரவையுங்கள்.

சட்டத் தடைகளை முன்னரே அறிதல்

பன்னாட்டு வணிகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சைட்டிஸ் பட்டியல். 1973இல் கையெழுத்தாகி 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள காட்டு இனங்களை வணிகத்துக்காக எல்லை கடத்த இயலாது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு, ஏற்றுமதி அந்த இனத்தின் நிலைத்திருப்பைப் பாதிக்காது என்ற அறிவியல் முடிவும், சட்டப்படி பெறப்பட்டது என்ற உறுதியும் இணைந்த அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் செய்த கணக்கெடுப்பு இங்கே நேரடியாக உதவும். தாவர இனங்களுக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ள குறிப்புகளையும் விடாமல் படியுங்கள்; வேருக்குக் கட்டுப்பாடு இருந்து, விதைக்கு இல்லாமல் இருக்கலாம்.

உணவுப் பொருளாயின் இறக்குமதி நாட்டில் அது ஏற்கெனவே உண்ணப்படுகிறதா என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 மே 15க்கு முன் குறிப்பிடத்தக்க அளவில் உண்ணப்படாத எதுவும் புதுவகை உணவாகக் கருதப்படும். தலைமுறை தலைமுறையாக ஆப்பிரிக்காவில் உண்ணப்பட்ட பாவோபாப் மரத்தின் கனிச்சதை 2008இல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்றது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பிற நாடுகளின் மரபு உணவு 25 ஆண்டுகளாவது பாதுகாப்பாக உண்ணப்பட்டதைச் சான்றுகளோடு காட்டினால் எளிய அறிவிப்பு முறையில் நுழையலாம். அந்தச் சான்றுகளைத் திரட்டுவது ஒரு சிறு கூட்டுறவால் தனித்து ஆகாத வேலை. அதே பொருளை விற்கும் பல அமைப்புகள் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்வதே வழி.

தரமும் விலையும்

நல்ல பொருள் கெட்டுப்போவது பெரும்பாலும் பறித்த முதல் சில நாட்களில்தான். தரையில் கொட்டி உலர்த்துவதைக் கைவிட்டு, காற்றோடும் மேடைகளில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். ஈரப்பதத்தை மானியால் அளந்து குறித்துவையுங்கள். கையால் தடவிப் பார்த்துச் சொல்வது போதாது. ஈரம் தங்கிய கொட்டைகளில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அதற்கான ஐரோப்பிய வரம்பு ஒரு கிலோவுக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே. 2003இல் ஓட்டோடு வரும் பிரேசில் கொட்டைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கடுமையான சோதனை நிபந்தனைகள் பிரேசிலின் அந்த ஏற்றுமதியைப் பெரிதும் பாதித்தன. ஒவ்வொரு மூட்டைக்கும் சேகரித்தவர், இடம், நாள், எடை ஆகியவை பதிந்த எண் இருந்தால், ஒரு தொகுதியில் குறை காணப்பட்டாலும் மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

விலையைக் கீழிருந்து மேலாகக் கட்டுங்கள். ஒரு கிலோ உலர்பொருளுக்கு நான்கு கிலோ ஈரப்பொருள் தேவைப்படுமானால் சேகரிப்புக் கூலியும் நான்கு மடங்காகும். அதோடு தரம் பிரிப்பதில் ஏற்படும் கழிவு, சாக்கு, போக்குவரத்து, ஆய்வகச் சோதனை, சங்க நிர்வாகம், கணக்கெடுப்பை ஆண்டுதோறும் தொடரும் செலவு, கடனுக்கான வட்டி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கணக்கெடுப்புச் செலவை மானியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், மானியம் நின்ற ஆண்டிலேயே கணக்கெடுப்பும் நிற்கும். இவ்வாறு வரும் விலையைச் சந்தை தரவில்லையென்றால் அந்தப் பொருளைக் கைவிடும் துணிவு வேண்டும்.

சேகரிப்பவருக்குப் பொருள் கொடுத்த அன்றே பணம் கிடைக்க வேண்டும். இடைத்தரகர்கள் ஊரில் வேரூன்றியிருப்பதற்குக் காரணம் அவர்கள் பஞ்ச மாதங்களில் முன்பணம் கொடுப்பதே. கூட்டுறவுச் சங்கம் கூடுதல் விலை தந்தாலும் மூன்று மாதம் கழித்துத் தந்தால் மக்கள் தரகரிடமே செல்வர். ஆகவே ஒரு பருவக் கொள்முதலுக்கான சுழல்நிதியைத் திரட்டாமல் கொள்முதலைத் தொடங்குவது உகந்ததன்று. மதிப்புக் கூட்டல் குறித்தும் ஒரு சொல்: எண்ணெய் பிழிவது வரை ஊரிலேயே செய்வது பெரும்பாலும் நன்மை தரும், முகப்பூச்சுக் களிம்பைப் புட்டியில் அடைத்து வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் கனவு விளம்பரத்திலும் சோதனைச் செலவிலும் பல சங்கங்களைக் கடனில் தள்ளும்.

வாங்குவோரும் ஒப்பந்தமும்

இப்போதுதான் வாங்குவோரைத் தேட வேண்டிய நேரம். உங்கள் வரம்பான 6 டன்னைச் சொல்லி, அதற்குரியவரைத் தேடுங்கள். ஒரே நிறுவனத்தின் கையில் முழு விளைச்சலையும் ஒப்படைக்காமல் இரண்டு அல்லது மூன்று பேரிடம் பிரித்து விற்பதோடு, ஒரு பகுதியை உள்நாட்டுச் சந்தைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அழகுசாதனத் துறையின் விருப்பங்கள் விரைவில் மாறுபவை. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை, முன்பணத்தின் பங்கு, தரம் குறித்த தகராறில் எந்த ஆய்வகத்தின் முடிவு ஏற்கப்படும் என்பது, விளைச்சல் பொய்த்தால் அளவைக் குறைக்கும் உரிமை ஆகியவை இடம்பெறட்டும். கடைசியாகச் சொன்ன விதி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

காட்டு விளைபொருள் நெறிப்படி பெறப்பட்டதற்குச் சான்று தரும் ஃபேர்வைல்ட், நெறிசார் பல்லுயிர் வணிக ஒன்றியம் போன்றவற்றின் சான்றுகள் வாங்குவோரின் நம்பிக்கையைப் பெற உதவும். ஆனால் அவற்றுக்குச் செலவு உண்டு. சான்றுபெற்ற பொருளுக்குக் கூடுதல் விலை தருவதாக எழுத்தில் உறுதியளிக்கும் ஒருவர் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அதுவரை அவற்றின் விதிமுறைகளை உள்ளக வழிகாட்டியாக வைத்து வேலை செய்தால் பிறகு சான்று பெறுவது எளிது.

வருமானம் வரத் தொடங்கிய பின்

வருமானம் உயர்ந்தால் மக்கள் காட்டைத் தாமாகவே காப்பார்கள் என்ற எண்ணத்தை இத்துறையில் பலர் கேள்வியின்றி ஏற்கின்றனர். மொராக்கோவின் ஆர்கன் எண்ணெய் அதை நன்கு சோதித்துக் காட்டியது. உலகச் சந்தையில் எண்ணெயின் விலை வேகமாக ஏறியபோது, கனி சேகரித்த குடும்பங்கள் சில பயனடைந்தன, பெண் குழந்தைகளின் படிப்பும் முன்னேறியது. அதே வேளையில் வந்த பணத்தைக் குடும்பங்கள் ஆடுகளில் முதலிட்டன. ஆர்கன் இலையையும் கனியையும் தின்பவையும் அந்த ஆடுகளே. காட்டின் நிலை மேம்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2011இல் வெளியான ஆய்வு முடிவுகூறியது. வங்கியில்லாத ஊரில் ஆடுதான் சேமிப்பு என்பதால் அக்குடும்பங்களைக் குறைசொல்ல முடியாது. சேமிப்புக்கு வேறு வழியை, எடுத்துக்காட்டாகச் சங்கத்திலேயே ஒரு சேமிப்புக் கணக்கை, வணிகத்தோடு சேர்த்தே தொடங்கியிருந்தால் பணம் முழுவதும் மந்தைக்குச் சென்றிருக்காது என்று எண்ணுகிறேன்.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் ஒட்டகக் குடும்ப விலங்கான விக்குன்யா வேறொரு பாடத்தைத் தருகிறது. 1960களில் சில ஆயிரங்களாகச் சுருங்கியிருந்த இவ்விலங்கு, பன்னாட்டுப் பாதுகாப்பாலும், பின்னர் உயிரோடு பிடித்து மயிரைக் கத்தரித்துவிட்டு மீண்டும் விடும் முறையாலும் இன்று லட்சக்கணக்கில் பெருகியுள்ளது. இனம் மீண்டது உண்மையான வெற்றி. ஆயினும் உலகின் மிக விலையுயர்ந்த இழைகளுள் ஒன்றான அதன் மயிரை ஊர்கள் பெரும்பாலும் கச்சாப் பொருளாகவே விற்பதால், ஆடையின் இறுதி விலையில் மிகச் சிறிய பங்கே அவற்றை வந்தடைகிறது. உங்கள் ஊரில் நடப்பதை அறிய, காட்டுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று என இரண்டு பதிவேடுகளைத் தனித்தனியே நடத்துங்கள். முதலாவதில் ஆண்டுதோறும் அதே மாதிரிக் கட்டங்களின் நாற்று எண்ணிக்கையும், ஒரு நாள் உழைப்பில் ஒருவர் சேகரிக்கும் எடையும் இருக்க வேண்டும். அந்த எடை குறைந்துகொண்டே வந்தால் கணக்கெடுப்பு சொல்வதற்கு முன்பே காடு எச்சரிக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சென்ற தொகையும், அதில் பெண்களின் கைக்கு நேரடியாகச் சென்ற பங்கும் இருக்கட்டும்.

இரண்டு பதிவேடுகளையும் பருவம் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வாசித்து, அடுத்த ஆண்டின் வரம்பை அங்கேயே முடிவு செய்யுங்கள். வரம்பைக் குறைக்க நேர்ந்தால் அந்த முடிவை வாங்குவோருக்கு எழுத்து மூலம், அடுத்த கொள்முதல் தொடங்குவதற்கு முன்பே, தெரிவித்துவிட வேண்டும்.